வியாபாரப் பதிவு இருந்தால் உளவியலாளரா?

"வியாபாரப் பதிவு இலக்கம் போட்டிருந்தால் அரச அனுமதி பெற்ற உளவியலாளர்தான்" என்று வட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் தவறு. அந்த இலக்கம் கடையின் பெயரைப் பதிந்ததற்குத்தான். சலூனுக்கும் அதே பதிவுதான்.

மருத்துவ உளவியலாளர்களைப் பதிவது கொழும்பு 10, நொரிஸ் கெனல் வீதியிலுள்ள இலங்கை மருத்துவ சபை. சந்திப்புக்குப் பணம் கட்டுமுன் முழுப் பெயரையும் பதிவிலக்கத்தையும் கேளுங்கள். எந்தப் பிரிவில் பதிவு என்பதையும் சபையில் சரிபாருங்கள். கேட்டதற்கே முகம் சுளித்தால் வேறு ஆளைப் பாருங்கள். 'டொக்டர்' என்ற பட்டத்தில் மயங்க வேண்டாம், அது ஆய்வுப் பட்டமாகவும் இருக்கலாம். உளவளத்துணையாளர் என்பது வேறு. சில மாத டிப்ளோமாவோடும் அப்படிப் பலகை போடுகிறார்கள். மருந்து எழுதுவது உளநல மருத்துவர் போன்ற பதிவுபெற்ற மருத்துவர்கள் மட்டுமே. உளவியலாளர் எழுதித் தந்தால் வாங்காதீர்கள். அவசரமென்றால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தை அழையுங்கள்.