கேமரூன் 2021 கலவரம்: ஒரு சின்ன திருத்தம்

2021 டிசம்பர்ல கேமரூன் வடக்கு எல்லைல இருந்து ஏராளமான ஜனங்க சாட் நாட்டுக்கு ஓடினதுக்கு போகோ ஹராம்ங்கற தீவிரவாத அமைப்போட தாக்குதல்தான் காரணம்னு இங்க ஷேர் ஆயிட்டு இருக்கு. அந்த ஏரியால போகோ ஹராம் பிரச்சனை இருக்கறது நிஜம்தாங்க, ஆனா இந்த சம்பவம் அது இல்ல. ஷுவா அரபு மாடு மேய்க்கறவங்களுக்கும் முஸ்கும் மீனவர்கள், விவசாயிகளுக்கும் நடுவுல தண்ணிக்காக வந்த சண்டை. லோகோன் ஆத்துல வெள்ளம் வந்து வடியறப்போ தண்ணியும் மீனும் தங்கட்டும்னு மீனவங்க நீளமா வாய்க்கா வெட்டி வைப்பாங்க, தண்ணி குடிக்க வர்ற மாடு அந்த சேத்துல போய் சிக்கிக்கும், அதுலதான் தகராறு. அந்த ஆகஸ்ட்லயே ஒரு தடவ வெடிச்சுது. டிசம்பர் 5 ஊலும்சாங்கற கிராமத்துல மறுபடி ஆரம்பிச்சு, மூணே நாள்ல குசேரி டவுன் வரைக்கும் போய் அங்க மாட்டுச்சந்தையே அழிஞ்சுபோச்சு. குசேரிக்கு ஆத்துக்கு அந்தப்பக்கம்தான் சாட் தலைநகர் என்ஜமீனா, அதான் ஜனங்க அங்க ஓடினாங்க.

நான் சொல்றத அப்படியே நம்ப வேணாம். ஐநா அகதிகள் அமைப்போட சைட்ல 2021 டிசம்பர் செய்திக்குறிப்ப எடுத்து பாருங்க, காரணம் குறைஞ்சுட்டே வர்ற தண்ணினு தெளிவா போட்டிருக்காங்க. கூகுள் மேப்ஸ் சாட்டிலைட் வியூல குசேரிக்கு தெற்க லோகோன் ஆத்தங்கரைய ஜூம் பண்ணா ஆத்துல இருந்து கிளம்பற அந்த வாய்க்கா கோடுங்களையும் பாக்கலாம்.