வறுத்தால் பூஞ்சை நஞ்சு போகாது

"பூஞ்சை பிடித்த கடலையை நன்றாக வறுத்துவிட்டால் நஞ்சு போய்விடும்" என்கிறீர்கள் அண்ணா. பாதிதான் சரி. வறுத்தால் பூஞ்சை சாகும். அது கடலைக்குள் ஏற்கெனவே விட்டுவைத்த அஃப்லடாக்சின் ஓரளவு குறையுமே தவிர, ஒழியாது. கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதியான நஞ்சு அது. 2004இல் கென்யாவில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தால் 125 பேர் இறந்தார்கள்; பச்சையாகவா தின்றார்கள்?

உசிலம்பட்டிப் பக்கம் சொத்தைக் கடலையைச் செக்குக்குத் தள்ளிவிடுவார்கள் (எங்கள் வீட்டிலும்தான்). அதுவும் தீர்வில்லை. செக்கெண்ணெயில் கொஞ்சம் இறங்கும். பெரும்பகுதி பிண்ணாக்கில் தங்கும். அதைத் தின்ற மாட்டின் பாலிலும் அந்த நஞ்சின் மாற்றுவடிவம் வரும். சுருங்கிய, நிறம் மாறிய பருப்பைப் பொறுக்கி எறியுங்கள், மாட்டுக்கும் வைக்காதீர்கள்.