வங்கிப் பணம் எங்கே உழைக்கிறது?

பங்குச்சந்தைக் குறியீடு சற்று ஏறினாலே அன்று மாலை தலைப்புச் செய்தி ஆகிவிடுகிறது. ஆனால் வங்கிகளின் வைப்புத்தொகை, கடன், முதலீடு பற்றி ரிசர்வ் வங்கி இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை வெளியிடும் அறிக்கையைச் சீந்துவார் இல்லை. பொருளாதாரத்தின் நாடி பார்க்க அதைவிட நல்ல தாள் எனக்குத் தெரியவில்லை.

அதில் நான் முதலில் தேடுவது வருவாய் ஈட்டும் சொத்துகளை. வங்கி கொடுத்த கடன்களும், வாங்கி வைத்திருக்கும் அரசுக் கடன் பத்திரங்களும்தான் பெரும்பாலும் அவை. கட்டடம், ஏடிஎம்மில் கிடக்கும் ரொக்கம், ரிசர்வ் வங்கியில் கட்டாயமாக வைக்க வேண்டிய ரொக்க இருப்பு ஆகியவையும் சொத்துகள்தான். ஆனால் வட்டி தராதவை.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்பதை 2016 நவம்பர் காட்டியது. 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றதும் வங்கிகளில் பணம் குவிந்தது. வங்கிகள் வலுப்பெற்றுவிட்டன என்று பலர் கொண்டாடினார்கள். ஆனால் கடன் கேட்டு வர ஆள் எங்கே? கடையில் வியாபாரமே நடக்காத நேரத்தில் புது இயந்திரம் வாங்க யார் துணிவார்கள்? போதாக்குறைக்கு, செப்டம்பர் 16 முதல் நவம்பர் 11 வரை கூடிய வைப்புத்தொகை முழுவதையும் தற்காலிகமாக ரொக்க இருப்பாக வைக்கச் சொன்னது ரிசர்வ் வங்கி. அந்தத் தொகைக்கு ஒரு பைசா வட்டி கிடையாது. வாடிக்கையாளருக்கோ வங்கி வட்டி கொடுத்தாக வேண்டும். அந்த நிதியாண்டில் கடன் வளர்ச்சி பல பத்தாண்டுகளில் காணாத அளவுக்குச் சரிந்தது. வைப்புத்தொகையை மட்டும் பார்த்தவர்களுக்கு அது செழிப்பாகத் தெரிந்தது. கடன் பக்கத்தைப் பார்த்தவர்களுக்குத் தேக்கம் தெரிந்தது.

சரி, கடன் கூடினால் மகிழ்ந்துவிடலாமா? அதுவும் ஏமாற்றும். 2023 ஜூலையில் எச்டிஎஃப்சி வீட்டுக்கடன் நிறுவனம் எச்டிஎஃப்சி வங்கியோடு இணைந்தபோது நாட்டின் வங்கிக் கடன் ஒரே தாவாகத் தாவியது. அதுவரை வங்கிக் கடன் கணக்கில் சேராத பழைய கடன்கள் இடம் மாறின, அவ்வளவுதான். இன்னொன்று, ஏட்டில் 'வருவாய் ஈட்டும்' என்று இருப்பதெல்லாம் ஈட்டுவதில்லை. 2015இல் ரிசர்வ் வங்கி சொத்துத் தரத்தைத் துருவி ஆராயத் தொடங்கிய பிறகுதான் மூடி மறைத்தவை வெளியே வந்தன. 2018 மார்ச்சில் வங்கிகள் கொடுத்த கடனில் மொத்த வாராக்கடன் 11 சதவீதத்தைத் தாண்டியிருந்தது.

இன்று என்னை உறுத்துவது வேறு. வங்கிகள் தனிநபர்களுக்குக் கொடுத்திருக்கும் கடன், தொழில்துறைக்குக் கொடுத்ததைவிட அதிகம். வீட்டுக்கடனும் அதில் அடக்கம் என்பதால் அத்தனையையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நகைக்கடன் 2024-25இல் இரட்டிப்புக்கும் மேல் பெருகியது. தங்க விலை ஏறியதும், வேறு தலைப்பில் இருந்த சில கடன்களை இதில் சேர்த்ததும் ஓரளவு காரணம். அதைக் கழித்தாலும் மீதி சிறிதல்ல.

தமிழ்நாட்டில் எந்த வங்கிக் கிளைக்கும் போய்ப் பாருங்கள். தவணை முடியும் நாளில் வெளியே வட்டிக்காரரிடம் ஒரு நாளுக்குக் கடன் வாங்கி, நகையை மீட்டு, அதே கவுன்டரில் அன்றே மறு அடகு வைத்து, வந்த பணத்தை அவரிடம் திருப்பிக் கொடுக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. வங்கியின் ஏட்டில் அது பழுதில்லாத சொத்து; வட்டி ஒழுங்காக வந்துவிட்டது. அந்த வட்டி புதிய வருமானத்திலிருந்து வரவில்லை என்பது எந்தக் கட்டத்திலும் பதிவாவதில்லை.

தறி வாங்கக் கொடுத்த லட்சமும், கல்லூரிக் கட்டணத்துக்காக வளையலை வைத்து வாங்கிய லட்சமும் மொத்தக் கடனில் ஒரே லட்சம்தான். அதனால்தான் 'கடன் வளர்ச்சி இவ்வளவு சதவீதம்' என்று ஒரே எண்ணை மட்டும் போட்டு முடிக்கும் செய்திகள் மீது எனக்குக் கோபம். எந்தத் துறைக்கு எவ்வளவு கடன் என்ற பட்டியலை ரிசர்வ் வங்கி மாதந்தோறும் வெளியிடுகிறது. அதில் தொழில்துறைக் கடனையும் நகைக்கடனையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு அச்சிட நாளிதழ்களுக்கு நான்கு வரி இடம் போதும்.