கூட்டாட்சி என்றால் ஆளுக்கொரு சட்டமா?

“கூட்டாட்சி நாட்டில் ஒவ்வொரு மாநிலமும் தன் இஷ்டத்துக்குக் கொள்கை வகுக்கும், ஒற்றையாட்சியில் எங்கும் ஒரே கொள்கைதான்” என்கிறீர்கள். அப்படிப் பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட முடியாது. ஆஸ்திரியா கூட்டாட்சி நாடுதான், ஆனால் முக்கியமான அதிகாரங்கள் பெரும்பாலும் மத்திய அரசிடமே இருக்கின்றன. பிரிட்டன் கூட்டாட்சி அல்ல. ஆனாலும் ஸ்காட்லாந்துக்குத் தனிக் கல்விமுறை, தனி நீதிமன்றங்கள், வருமான வரி விகிதம்கூட வேறு. ஜெர்மனியில் பள்ளிப் பாடத்திட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், குற்றவியல் சட்டமோ நாடு முழுக்க ஒன்றே.

அப்புறம், இருக்கும் வேறுபாடு அப்படியே நிலைக்கும் என்றும் இல்லை. கனடாவில் சஸ்காட்செவான் மாகாணம் 1962 ஜூலை 1 அன்று பொது மருத்துவக் காப்பீட்டைத் தொடங்கியது. அதை எதிர்த்து அன்றே மருத்துவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 23 நாள் நீடித்தது. (அதையும் தாண்டித் திட்டம் பிழைத்ததே பெரிய விஷயம்.) 1966-ல் மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டுவந்து, நிபந்தனைகளை ஏற்று இதுபோன்ற காப்பீட்டை நடத்தும் மாகாணங்களுக்கு அதன் செலவில் சுமார் பாதியைத் தருகிறோம் என்றது. 1971-க்குள் பத்து மாகாணங்களும் சேர்ந்துவிட்டன. யாருடைய அதிகாரத்தையும் பறிக்கவில்லை, மருத்துவச் சேவையை நடத்துவது இன்றும் மாகாணங்கள்தான். பணம் வந்த வழிதான் கொள்கைகளை ஒன்றுபோல ஆக்கியது.