வடிகால் மூடியின் மேல் நடக்கச் சொல்கிறார்கள்

எங்கள் தெருவில் போன மாதம் புதிதாக நடைபாதை போட்டார்கள். சிவப்பும் சாம்பலுமாகப் பேவர் பிளாக் பதித்துப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் என் அம்மா அதில் ஏறவே மாட்டேன் என்கிறார். ஏம்மா என்று கேட்டால், "ஏறினா இறங்கணும்ல" என்றார். அன்றைக்குச் சரியாகப் புரியவில்லை.

ஒரு நாள் அவரோடு ரேஷன் கடை வரைக்கும் நடந்து பார்த்தேன், ஐந்து நிமிட தூரம்தான். வீட்டுக்கு வீடு கார் ஏற்றுவதற்காக நடைபாதையை அறுத்துவிட்டு, அடுத்த வீட்டு மதில் தொடங்கும் இடத்தில் மறுபடி உயர்த்தியிருக்கிறார்கள். நடுவில் ஒரு கரண்ட் பெட்டி. அதைத் தாண்ட ரோட்டில்தான் இறங்க வேண்டும். மொத்தம் பதினேழு தடவை ஏறி இறங்கினோம், ஒவ்வொரு தடவையும் அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு மூட்டு வலிக்காத காலை முதலில் வைத்தார். திரும்பி வரும்போது இரண்டு பேரும் பேசாமல் ரோட்டிலேயே நடந்து வந்துவிட்டோம், முதுகுக்குப் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

இது ஏன் இப்படி ஆகிறது என்றால், நம் ஊர்களில் பல இடங்களில் நடைபாதை என்று தனியாக யாரும் திட்டம் போடுவதே இல்லை. முதலில் மழைநீர் வடிகால் கட்டுவார்கள், அதன் மேல் கான்கிரீட் பலகை போட்டு மூடுவார்கள், அப்புறம் அதன் மேல் கல் பதித்தால் நடைபாதை. ஆக வடிகாலுக்கு எவ்வளவு அகலமோ அதுதான் நமக்கும் அகலம், வடிகால் சுவர் எந்த உயரத்தில் முடிகிறதோ அதுதான் நமக்குப் படி. மனிதக் காலை யாரும் அளக்கவில்லை.

அளவு தெரியாமலும் இல்லை. சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரசின் 2012 வழிகாட்டியில் (ஐஆர்சி 103) எல்லாம் இருக்கிறது: உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, குடியிருப்புப் பகுதியில்கூட எந்தத் தடையும் இல்லாமல் 1.8 மீட்டர் அகலமாவது வேண்டும். கேட் வாசலில் நடைபாதையை அறுக்காமல் அதே மட்டத்தில் விட்டுவிட்டு, ஓரத்தில் சின்னச் சரிவு வைத்தால் கார் ஏறிவிடும். இன்ஜின் இருக்கிற கார் ஏறி இறங்கட்டும், அறுபத்தெட்டு வயது அம்மா ஏன் இறங்க வேண்டும்?

சென்னை மாநகராட்சி 2014-லேயே நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்று தனிக் கொள்கை கொண்டுவந்தது. போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் குறைந்தது 60 சதவீதம் அவர்களுக்கு என்று அதில் எழுதினார்கள். 2019-இல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை திறந்தபோது குடும்பம் குடும்பமாக வந்து நடந்தார்கள், இடம் கொடுத்தால் நம் ஜனங்கள் நடப்பார்கள். ஆனால் துணி எடுக்கப் போகிற தெருவில் மட்டும் நடந்தால் போதுமா, பால் வாங்கப் போகிற தெரு? பாதுகாப்பான நடைபாதை வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

அடுத்த தெருவில் நேற்று நடைபாதைக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டார்கள். பள்ளம் தோண்டிவிட்டால் பேசிப் பயனில்லை. வரைபடத்தைக் காட்டுங்கள், கேட் வாசலில் என்ன மட்டம், கரண்ட் பெட்டியை எங்கே நகர்த்துவீர்கள் என்று கேட்க ஞாயிற்றுக்கிழமை பகுதி சபைக்கு, அதாவது எங்கள் பகுதி மக்கள் கூடிப் பேசும் கூட்டத்துக்கு, அளக்கும் டேப்போடு போகிறேன். அம்மாவும் வருகிறார். தெருக்காரர்கள் நாலு பேர் கூட வந்தால் நன்றாக இருக்கும்.