சவுல் ராஜா யாருக்குப் பயந்தார்?

கெட்ட சகவாசத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இழுத்தவரைத்தான் குற்றம் சொல்கிறோம். இழுக்கப்பட்டவரின் மனதுக்குள் என்ன இருந்தது என்று பார்ப்பதே இல்லை. எதிரில் இருப்பவர் முகம் கோணிவிடுமோ என்ற பயம் உள்ளே இருக்கிறவரை, இந்தக் கூட்டத்தை விட்டு விலகினாலும் அடுத்த கூட்டம் பிடித்துக்கொள்ளும். மனுஷனுக்குப் பயப்படும் பயம் கண்ணியை வருவிக்கும் என்றே நீதிமொழிகள் 29:25 சொல்கிறது.

1 சாமுவேல் 15-ஐ நிதானமாக வாசித்துப் பாருங்கள். சவுல் ராஜா, படை முழுவதும் அவர் கையில். ஆனாலும் கர்த்தர் அழிக்கச் சொன்ன அமலேக்கியரின் ஆடுமாடுகளில் நலமானவை தப்பவைக்கப்பட்டன. தீர்க்கதரிசி சாமுவேலிடம் அவர் முதலில் சொன்ன காரணம், கர்த்தருக்குப் பலியிட ஜனங்கள் வைத்திருக்கிறார்கள் என்பது. உண்மை 24-ஆம் வசனத்தில்தான் வெளியே வருகிறது: "நான் ஜனங்களுக்குப் பயந்து, அவர்கள் சொல்லைக் கேட்டேன்." அதோடும் முடியவில்லை. பாவம் செய்தேன் என்று ஒத்துக்கொண்ட பிறகும், 30-ஆம் வசனத்தில், மூப்பருக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்று கேட்கிறார். அந்தப் பயம் அவ்வளவு ஆழமானது. வெளியே அது பக்தி என்ற போர்வையில்தான் தெரியும்.

நம் நடுவிலும் அந்தப் போர்வை உண்டு. "ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன்." உண்மையாகவே ஜெபிக்கப் போகிறவர் சொன்னால் நல்லது. மனதுக்குள் முடியாது என்று முடிவெடுத்துவிட்டு, அதைச் சொல்லப் பயந்து இப்படிச் சொன்னால், அது கர்த்தருடைய பேரில் சொல்லும் பொய். கேட்டவரும் நம்மை நம்பிக் காத்திருந்து ஏமாறுவார். உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்லச் சொன்னவர் இயேசு (மத்தேயு 5:37).

எப்படி மறுப்பது? தானியேல் 1-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ராஜாவின் போஜனத்தால் தன்னைத் தீட்டுப்படுத்தக்கூடாதென்று பந்திக்கு முன்பாகவே தானியேல் இருதயத்தில் தீர்மானம் பண்ணிவிட்டார். பிறகு மரியாதையாக வேண்டிக்கொண்டார். பிரதானிகளின் தலைவர், ராஜாவிடம் என் தலை போய்விடும் என்று பயந்தபோது, அந்தப் பயத்தைத் தானியேல் அலட்சியம் செய்யவில்லை. மேல்விசாரிப்புக்காரரிடம் போய், 10 நாள் மட்டும் மரக்கறியும் தண்ணீரும் கொடுத்துச் சோதித்துப் பாரும், பிறகு எங்கள் முகங்களைப் பார்த்து நீரே முடிவு செய்யும் என்றார். தீர்மானம் மாறவில்லை, எதிரில் இருந்தவருக்கும் ஒரு வழி கிடைத்தது.

மறுக்கும்போது நம்மில் பலர் தடுமாறுவது, காரணங்களை அடுக்கும் இடத்தில்தான். நேரமில்லை என்றால் நேரத்தை மாற்றித் தருவார்கள். பணமில்லை என்றால் பிறகு கொடு என்பார்கள். "இதில் நான் வரமாட்டேன்" என்று ஒரே வரியில் சொல்லுங்கள். குரல் உயர வேண்டாம். வேறு உதவி செய்ய முடியுமென்றால் அதைச் சேர்த்துச் சொல்லுங்கள். மறுபடியும் கேட்பார்கள், தன் ஆசைக்கு இணங்கச் சொல்லி போத்திபாரின் மனைவி யோசேப்பிடம் நித்தம் நித்தம் பேசினாளே! அப்போதும் அதே வரிதான். புதுக் காரணம் தேடினால், இன்னும் கொஞ்சம் அழுத்தினால் சம்மதிப்பார் என்று புரிந்துகொள்வார்கள்.

இதற்காக எல்லாரையும் வெட்டிவிட்டு ஒதுங்குவதும் தவறு. அப்படியானால் உலகத்தை விட்டே போகவேண்டியிருக்கும் என்று பவுல் எழுதுகிறார் (1 கொரிந்தியர் 5:10). பிறனுக்குப் பிரியமாய் நடக்கச் சொன்னவரும் அவர்தான், ஆனால் அவனுடைய நன்மைக்காக (ரோமர் 15:2). சந்தேகம் வந்தால் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: நான்தான் செய்தேன் என்று யாருக்குமே தெரியாது என்றாலும் இதைச் செய்வேனா?

இன்னொன்று. அழுத்தம் எப்போதும் துன்மார்க்கரிடமிருந்து வருவதில்லை. அந்தியோகியாவில் புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, யாக்கோபினிடத்திலிருந்து யூத விசுவாசிகள் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார் (கலாத்தியர் 2:12). பர்னபாவும்கூட இழுப்புண்டார். பெரிய அப்போஸ்தலருக்கே அந்த நிலை என்றால் நம் பிள்ளைகள் எம்மாத்திரம்?

அதனால் பெற்றோருக்கும் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பெரியவர்கள் சொன்னால் மறுபேச்சே கூடாது என்று மட்டும் பழக்கினால், வெளியே அதட்டிப் பேசும் எவருக்கும் பிள்ளை தலையாட்டும். சின்ன விஷயம் ஒன்றில் பிள்ளை "எனக்கு இது சரியாகப் படவில்லை" என்றால் உடனே அடக்காதீர்கள். ஏன் என்று கேளுங்கள். சரியாக இருந்தால், அந்த இடத்திலேயே ஒத்துக்கொள்ளுங்கள்.