ஏவா ஸைஸலும் இரண்டு உப்புக் குப்பிகளும்

ஏவா ஸைஸலைப் பற்றி யார் எழுதினாலும் ஸ்டாலின் காலத்துச் சிறையில்தான் தொடங்குகிறார்கள். தப்பில்லை, கதை அப்படி. சோவியத் நாட்டில் பீங்கான் ஆலைகளுக்கு வடிவமைப்பாளராக வேலை பார்த்துக்கொண்டிருந்த ஹங்கேரிப் பெண்ணை, ஸ்டாலினைக் கொல்லச் சதி செய்தார் என்று 1936இல் பிடித்துப் போட்டார்கள். 16 மாதம் உள்ளே, பெரும்பாலும் தனிக்கொட்டடி. புத்தி பேதலிக்காமல் இருக்க மனதுக்குள்ளேயே செஸ் ஆடியிருக்கிறார். வெளியே வந்து அவர் சொன்னதையெல்லாம் சிறுவயது நண்பர் ஒருவர் தன் நாவலுக்கு எடுத்துக்கொண்டார்.

சரி. ஆனால் 105 வயது வாழ்ந்தவருக்கு அந்த 16 மாதத்தையே முகவரியாக்குவது எனக்கு ஒப்பவில்லை.

நானாக இருந்தால் உப்பு, மிளகுக் குப்பிகளில் தொடங்குவேன். 1947 வாக்கில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து ரெட் விங் மட்பாண்ட நிறுவனத்துக்காக அவர் வடிவமைத்த 'டவுன் அண்ட் கன்ட்ரி' என்ற பாத்திர வரிசையில் வருபவை. பெரியது கொஞ்சம் குனிந்து நிற்கும், சின்னது அதன் வளைவுக்குள் ஒண்டிக்கொள்ளும். கண், மூக்கு, கை எதுவும் கிடையாது. வழுவழுவென்று இரண்டு வளைவுகள், உச்சியில் துளைகள், அவ்வளவுதான். பார்த்த உடனே அம்மாவும் பிள்ளையும் என்று தெரிந்துவிடும். அப்போது அவருக்கு நாற்பது வயது, வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். 1938இல் கணவரோடு நியூயார்க்கில் வந்து இறங்கியபோது கையிலிருந்தது 64 டாலர்.

இந்தக் கை எங்கே பழகியது? 1906இல் புடாபெஸ்டில் பிறந்தவர். ஓவியப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு குயவரிடம் எடுபிடியாகச் சேர்ந்தார். புகைபோக்கி துடைப்பவர், அடுப்பு கட்டுபவர், ஓடு வேய்பவர், கிணறு வெட்டுபவர், குயவர் எல்லாருக்கும் சேர்த்து ஒரே சங்கம். அதில் தொழில் தேறிய முதல் பெண் இவர். அம்மா முனைவர் பட்டம் வாங்கிய வரலாற்றாளர். அந்த வீட்டுப் பெண் களிமண் பிசையப் போகிறேன் என்று நின்றால் நம் வீடுகளில் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துச் சிரித்துக்கொண்டேன்.

அமெரிக்காவில் பிராட் கல்லூரியில் பாடம் எடுத்தார். ஒற்றைப் பானை வனைவதை அல்ல, ஆலையில் ஆயிரக்கணக்கில் வார்த்தாலும் அழகு கெடாத பாத்திரத்தை எப்படி வடிவமைப்பது என்பதை. 1946இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருடைய வெள்ளைப் பீங்கான் வரிசையைக் காட்சிக்கு வைத்தது. பெரிய கௌரவம்தான். ஆனாலும் அவர் தன்னைக் கலைஞர் என்று சொல்லிக்கொள்ளவில்லை. பயனுள்ள பொருள்களைச் செய்பவள், அவ்வளவுதான். சொந்த ஆலை இல்லாததால் தொழிலதிபர் என்றும் யாரும் சொல்லமாட்டார்கள். பல ஆலைகளின் சரக்கு இவர் போட்ட வளைவுகளால் விற்றது. அதைத் தொழில் கெட்டிக்காரத்தனம் என்று சொல்லாமல் வேறெதைச் சொல்வது?

அப்புறம், 1960களில் வடிவமைப்பை ஏறக்குறைய விட்டுவிட்டு வரலாற்று ஆராய்ச்சிப் பக்கம் போய்விட்டார். எண்பதை நெருங்கும் வயதில் திரும்பி வந்தார். அதற்குப் பின்னும் கால் நூற்றாண்டு வேலை! கடைசிக் காலத்தில் கண் சரியாகத் தெரியவில்லை. உதவியாளர்கள் மாதிரிகளைச் செய்து கொண்டுவருவார்கள். இவர் வளைவை விரலால் தடவிப் பார்த்து, எங்கே இன்னும் கொஞ்சம் இறக்க வேண்டும் என்று சொல்வார்.